நீர்யானைக் குளத்தருகே ஆவணி பதினைந்து

நீர்யானை கிடக்கும் குளத்துக்கென்று ஒரு வாடை உண்டு. பாசி பிடித்த தண்ணீரும் ஊறி அழுகிய புல்லும் சாணமும் வெயிலில் வெந்து எழும் வாடை. அதோடு ஒரு முழம் பிச்சிப்பூவின் மணமும், டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்காய்க் கிடந்த பட்டுச்சேலையின் பாச்சை உருண்டை மணமும் கலந்தால் என்ன வருமோ, அதுதான் எனக்குத் திருவனந்தபுரம். மற்றவர்கள் கோயில் கோபுரத்தையும் தலைமைச் செயலகத்தின் வெள்ளைத் தூண்களையும் சொல்லட்டும். என்னுடைய தலைநகரம் ஒரு கம்பி வேலிக்கு முன்னால், என் அக்கா நின்றுகொண்டே இருந்த இடம்.

எல்லையோரம் கேரளத்துப் பக்கம் இருக்கும் எங்கள் பாறசாலையிலிருந்து அங்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் கூடுதல். காலையில் தோசை தின்றுவிட்டுப் போய், வேலையை முடித்து, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வருகிற ஊர். அந்த ஊரை ஒரு வாரம் தங்கிச் சுற்றிப்பார்க்கப் போகிறோம் என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தபோது, எதிர்வீட்டு மாமி வேலியருகே நின்று, "ஒரு வாரமா? அங்க என்ன, தாஜ்மகாலு கொண்டு வச்சிருக்காவளா?" என்று கேட்டாள். அப்பா குடையை விரித்து மடக்கினார். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொல்லும்போது கைக்கு ஏதாவது வேலை கொடுக்கிறார்கள்.

ஓணம் வாரம், நகரமெங்கும் தீபாலங்காரம், கடைசி நாள் யானையும் வண்டிகளுமாக ஊர்வலம் என்பதெல்லாம் மெய்தான். ஆனால் நாங்கள் போனது ஊரைப் பார்க்க அல்ல, அக்காவைப் பிறர் பார்க்கவிட. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் நேராக வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பிறகு வேண்டாமென்று போய்விட்டால், அந்தப் பேச்சு பெண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் பார்வை வேறு எங்காவது, தற்செயலாக நடப்பதுபோல நடக்கும். கோயில் நடையிலோ பொருட்காட்சியிலோ இரண்டு குடும்பங்கள் எதிர்ப்படும். "அட, நீங்களா!" என்பார்கள். பெண்ணை ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். சரிப்படாவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும்.

மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் தக்கலை. அரசு வேலையில் ஓவர்சியர். தரகு பேசியவர் அம்மாவின் சித்தப்பா மகன், அவரும் தமிழ்நாட்டுப் பக்கம்தான், நாங்கள் கொல்லங்கோட்டு மாமா என்று அழைப்பவர். அவர் எழுதிய இன்லேண்டு கடிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆவணி பதினைந்து, காலை பத்தரை மணி, மிருகசாலையில் நீர்யானைக் குளத்தருகே. மயில் கூண்டைச் சொல்லியிருக்கலாம், மான்களைச் சொல்லியிருக்கலாம். மாமாவுக்கு நீர்யானைதான் தோன்றியிருக்கிறது, "அதுதான் நீந்திப் போவாம ஒரே எடத்துல கெடக்கும்" என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

பிடித்துவிட்டால் தை மாதம் கல்யாணம். அக்காவுக்கோ பி.எஸ்ஸி. கணக்கின் கடைசிப் பரீட்சை மார்ச்சில். தினமும் தனுவச்சபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், மூன்று வருஷம் முன்படிக்கட்டிலும் பின்படிக்கட்டிலும் தொங்கிப் படித்த படிப்பு, இரண்டு மாத தூரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலும் எம்.எஸ்ஸி. படிக்கவேண்டும் என்று அவள் ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்பா கொடுமைக்காரர் இல்லை. "பரீட்சைதானே, பொறவு எழுதலாம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா அரிசி களைந்த தண்ணீரை முற்றத்துச் செடிக்கு ஊற்றாமல் வாசலில் வீசி எறிந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா மார்த்தாண்டத்தில் கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது கல்யாணமாகி எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தவள். அப்போது அவளுக்கும் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்ததாம். பொறவு எழுதலாம் என்று அவளிடமும் சொல்லியிருந்தார்கள். அவளுடைய புத்தகங்கள் எங்கள் அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறை போட்டு, யாரும் தொடாமல் இருந்தன.

இனி காலண்டர் விஷயம். எங்கள் வீட்டில் இரண்டு காலண்டர் உண்டு. முன்னறையில் அப்பாவின் மலையாளக் காலண்டர். அப்பா நெய்யாற்றின்கரையில் அரசு அலுவலகக் கிளார்க், அவருக்கு மாதம் என்றால் சிங்ஙம், கன்னி, துலாம்தான். அடுக்களையில் அம்மாவின் தமிழ்க் காலண்டர், மார்த்தாண்டத்து நகைக்கடை ஒன்று கொடுப்பது, நாளுக்கு ஒரு தாள். அந்தத் தாளைக் கிழிப்பது என் வேலை. அப்பாவின் சிங்ஙமும் அம்மாவின் ஆவணியும் ஒரே மாதம்தான். ஆனால் மாதம் பிறக்கும் நேரத்தைக் கணக்கிடுவதில் இரண்டு காலண்டருக்கும் சின்னப் பிணக்கு உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு பிறந்தால், தமிழ்க் காலண்டர் அன்றைக்கே ஒன்று என்று போட்டுவிடும், மலையாளக் காலண்டர் நாளைக்குத்தான் ஒன்று என்று போடும். சில வருஷம்தான் அப்படி வரும். வந்தால் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாள் முன்னால் நடப்பாள், அப்பா ஒரு நாள் பின்னால் வருவார். அந்த வருஷம் அப்படி வந்தது. அம்மா தலைகுளித்து விளக்கேற்றி, "எனக்கு மாசம் பொறந்தாச்சு" என்றாள். அப்பா, "எனக்கு நாளைக்காக்கும்" என்று மறுநாள் பாயசம் கேட்டார். இரண்டு நாளும் பாயசம் குடித்ததால் எனக்கு மறக்கவில்லை.

திருவோணத்துக்கு மறுநாள் காலை, அப்பா, அம்மா, அக்கா, பத்து வயதான நான், இரண்டு பெட்டி, ஒரு நேந்திரங்குலையுமாகப் பஸ் ஏறி, மணக்காட்டில் அப்பாவின் அக்கா வீட்டில் போய் இறங்கினோம். அத்தை வீட்டில் ஒரே குளிமுறி, எட்டுப் பேர். காத்து நின்று காத்து நின்று குளித்து வெளியே வந்தால், அடுத்தவர் குளித்து வரும்வரை காத்து நிற்கவேண்டும். எனக்குக் காத்திருப்பது ஆகாது. காலில் சக்கரம் கட்டியவள் என்று வீட்டில் பெயர். அந்த வாரம் முழுக்க என்னைச் சுற்றி எல்லாரும் எதற்காவது காத்திருந்தார்கள், எனக்கோ தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது.

அன்று சாயங்காலம் தீபாலங்காரம் பார்த்தோம். மறுநாள் கிழக்கேகோட்டை. அங்கே 'மேத்தன் மணி' என்று ஒரு பழைய கடிகாரம் உண்டு. தாடிக்கார முகம் ஒன்று மணிக்கு ஒரு தடவை வாய் திறக்கும், இரண்டு பக்கமும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக முக்கால் மணி நேரம் கழுத்தை நிமிர்த்தி நின்றேன். அது வாய் திறந்த நேரத்தில் அப்பா என்னைத் திருப்பி, "நாளைக்கழிச்சு மிருகசாலையில வச்சு அவிய முன்னால துள்ளிச் சாடப்பிடாது, கேட்டியா?" என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். கடாக்கள் முட்டி முடித்துவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில், நாளைக்கழித்து, அதாவது நாளை மறுநாள், என்று அவர் சொன்னதை அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை, பின்முற்றத்துக் கிணற்றடியில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சங்குமுகம் கடற்கரை என்று திட்டம். அத்தை வீட்டுச் சுவரில் மலையாளக் காலண்டர் மட்டும்தான் இருந்தது, சிங்ஙம் பதினாலு. கிழிக்கத் தாள் இல்லாமல் எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்ததால், மனதிலேயே அடுக்களைத் தாளைக் கிழித்துப் பார்த்தேன். கிழித்ததும் பிடிபட்டது.

"அம்மா, இன்னைக்குத்தானே ஆவணி பதினஞ்சு?"

சீப்பு பாதித் தலையில் நின்றது. கிணற்றுக் கப்பியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து போகும்வரை நின்றது. பிறகு அம்மா முடியை முன்னைவிட இறுக்கிப் பிடித்துப் பின்னினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

"இன்னைக்குக் கடலுக்குப் போறோம். வாயத் தொறக்காம நேரா இரி மக்கா."

"இல்லம்மா, மாமா எழுதினது ஆவணியில்லா? அப்பா சிங்ஙம் எண்ணு..."

"உனக்குக் கடலு பாக்கணுமா, வேண்டாமா?"

வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் அக்காவுக்காக மூடவில்லை, கடலுக்காகத்தான் மூடினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சங்குமுகத்தில் அப்பாவுக்கு ஒரே பாடு. கடற்கரையருகே சாகரகன்னிகை என்று பெரிய கடற்கன்னிச் சிலை ஒன்று மல்லாந்து கிடக்கிறது, உடுப்பில்லாமல். நாங்கள் அதைக் கடந்துபோகும்வரை அப்பா எங்களுக்கும் சிலைக்கும் நடுவில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார். அக்கா அத்தனை கவலையிலும் சிரித்துவிட்டாள். அப்புறம் மணலில் உட்கார்ந்து, பையில் துண்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். எழுத இடமில்லாமல் ஈரமணலில் விரலால் எதையோ போட்டுப் பார்த்தாள், அலை வந்து அழித்தது, மறுபடியும் போட்டாள்.

அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். கடலைப் பார்க்கவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்து, "இஞ்ச பாருங்க, மணி எத்தனை ஆச்சு?" என்று அப்பாவிடம் கேட்டாள். பத்தேகால் என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். பத்தரை. பதினொன்றுக்குக் கேட்டாள், பன்னிரண்டுக்குக் கேட்டாள். "உனக்கு என்ன, வண்டி பிடிக்கணுமா?" என்று அப்பா எரிந்து விழுந்தார். ஒரு மணிக்கும் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கரையேறி வந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை இலையில் வைத்து, எங்கள் எல்லாரையும்விட அதிகம் தின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, கடலில் இறங்கவும் தோன்றவில்லை.

மறுநாள் சிங்ஙம் பதினைந்து. அக்காவுக்கு அம்மாவின் கல்யாணப் பட்டு, மாம்பழ நிறம். தலை நிறையப் பிச்சிப்பூ. மிருகசாலை வாசலில் அப்பா, "மூணு வலுது, ஒரு செறுது" என்று மலையாளத்தில் கேட்டு, பெரியவர்களுக்கு மூன்றும் எனக்கு ஒன்றுமாக டிக்கெட் வாங்கினார். பத்து மணிக்கே நீர்யானைக் குளத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டோம். தண்ணீருக்கு மேல் இரண்டு காதும் இரண்டு மூக்குத்துவாரமும் மட்டும் தெரிந்தன.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஓணக்கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது, அப்பா எங்களைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தார். சிங்கம் பார்க்கப் போகலாம் என்று நான் சிணுங்கினேன், குரங்கு பார்க்கப் போகலாம் என்று காலை உதைத்தேன். "அனங்காம நில்லு, அவிய இப்ப வருவாவ" என்றார். அக்காவைச் சில இளவட்டங்கள் இரண்டாம் தடவையாகச் சுற்றி வந்து பார்த்தார்கள். அக்கா என் காதருகே குனிந்து சொன்னாள்: "அதப் பாக்க டிக்கெட்டு உண்டு. என்னப் பாக்க ஓசியாக்கும்." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவள் கை என் கைக்குள் சில்லென்று ஈரமாக இருந்தது. அந்த ஈரம் பட்டபோதுதான் எனக்கு முதல் தடவையாக விஷயம் முழுசாக விளங்கியது. இன்றைக்கு யாரும் வரப்போவதில்லை. இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். தெரியாத இரண்டு பேர் வேகிறார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில், கறுப்புக்குடையும் மல்வேட்டியுமாக ஒரு பெரியவர், பின்னால் குடும்பம், எங்களை நோக்கி வந்தார். அப்பா முகம் மலர்ந்து இரண்டு கையையும் கூப்பி முன்னால் போனார். "அட, நீங்களா! இஞ்ச வச்சுப் பாப்போம் எண்ணு நெனைக்கவே இல்ல பாத்தீளா!" அந்த வாக்கியத்தை அவர் நாலு நாளாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார். பெரியவர் திகைத்து நின்று, "சாரே, பாம்பின்றெ கூடு எவிடெயா?" என்று கேட்டார். அப்பா கூப்பிய கையைப் பிரித்துப் பாம்புக்கூண்டு இருக்கும் திசையைக் காட்டினார். காட்டிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

என் அப்பாவை அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா பையைத் திறந்து ஒரு பழத்தை உரித்து, பேச இடமில்லாதபடி என் வாயில் வைத்தாள். நாலு மணிக்கு நீர்யானை கரையேறியது. நாங்களும் கிளம்பினோம். மறுநாளும், தேதி ஏதாவது மாறியிருக்குமோ என்று அப்பா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நான் அந்த இரண்டு நாளில் நீர்யானையைத் தவிர வேறு மிருகம் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை கொல்லங்கோட்டு மாமா அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவிய குடும்பத்தோட வந்து மூணு மணிக்கூறு நிண்ணாவ! பையனுக்க அம்மைக்கு வெயிலுல தலை சுத்தி, சோடா வாங்கிக் குடுத்தோம். நீங்க எங்க போய்க் கெடந்திய?"

"நாங்களா? பதினஞ்சு காலையில பத்து மணி தொட்டு அங்கதான் நிண்ணோம்!" அப்பா கடிதத்தை எடுத்து நீட்டினார். "இஞ்ச பாரும், பதினஞ்சு."

"ஆவணி பதினஞ்சு எண்ணு எழுதியிருக்கேன். அது என்னைக்கு?"

இரண்டு பேரும் காலண்டர் முன்னால் போய் நின்று விரல்விட்டு எண்ணினார்கள். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். பெண் வீட்டாருக்கு நாள் எண்ணத் தெரியவில்லை, அவமானப்படுத்திவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் முடிவாகிவிட்டதாம். இரணியலில் வேறு இடம் பார்த்தாயிற்றாம். இனி பேசிப் பயனில்லை.

அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "நீ எல்லா விரதமும் தமிழ் மாசம் பாத்துல்லா பிடிக்கே. ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

அம்மா முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எங்க நாளு ஓர்மை உண்டு? காலண்டரு வீட்டுலயில்லா கெடக்கு" என்றாள். குரல் ஒரு இழைகூட ஆடவில்லை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாமாவுக்குச் சாயா போடச் சொன்னார். அந்தப் பேச்சை அவர் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

கடைசி நாள் ஊர்வலம் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினோம். யானை வந்தது, தெய்யம் வந்தது, புலிவேஷம் வந்தது. அக்கா நடைபாதை ஓரத்துச் சுவரில் சாதாப் பருத்திச் சேலையில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே பார்த்தாள். சந்தோஷத்தை வெளியே காட்டினால் அப்பா வருத்தப்படுவாரே என்று அடக்கிக்கொண்டிருந்தாள், ஆனால் கால் மட்டும் செண்டைமேளத்துக்கு ஆடியது. தை வந்தது, போனது. மார்ச்சில் அக்கா பரீட்சை எழுதினாள். எம்.எஸ்ஸி.க்கு அதே திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிடப் போனவர் அப்பாதான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இஞ்சயிருந்து மிருகசாலை பக்கமாக்கும்" என்றாராம். அப்போது இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

அக்கா இப்போது ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. கல்யாணமும் தன் காலத்தில் நடந்தது. இன்றைக்கு அவள் மகளுக்கு வரன் பார்ப்பது செல்போனில். படம் வருகிறது, ஜாதகம் வருகிறது, பிடிக்கவில்லையென்றால் விரலால் தள்ளிவிடுகிறார்கள். யாரும் யார் முன்னாலும் வெயிலில் நிற்கவேண்டியதில்லை, நல்லது. மிருகசாலைக்குப் போன வருஷம் என் பிள்ளைகளோடு போனேன். குளத்தைச் சுற்றி வேலியை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அக்கா சாய்ந்து நின்ற கம்பி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பாறசாலை வீட்டில் இப்போது அந்த இரண்டு காலண்டரும் இல்லை. முன்னறையில் இங்கிலீஷ் தேதி மட்டும் போட்ட ஒன்று தொங்குகிறது, அதையும் யாரும் பார்ப்பதில்லை, தேதி எல்லார் கையிலும் செல்போனில் இருக்கிறது. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்ணில் புரை. எழுத்து ஒன்றும் தெரிவதில்லை.

சென்ற மாதம் ஒரு காலை, இப்போது என் முறையாக, நான் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். முடி ஒரு பிடிகூட இல்லை. இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நீர்யானைக் குளத்துக்கு அவர்கள் வந்து நிற்பார்கள் என்று உனக்குத் தெரியும்தானே அம்மா?

"எந்த நீர்யானை?" என்றாள்.

"சும்மா சொல்லும்மா. இனி யாரு கேக்கப் போறாவ?"

"எனக்கு எங்க மக்கா அதெல்லாம் ஓர்மை. நாளும் கிழமையும் என்னைக்கோ விட்டுப்போச்சு."

நான் சீப்பை எடுக்காமல், சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: "இன்னைக்கு ஆவணி எத்தனையம்மா?"

"ஒம்பது" என்றாள் உடனே. பிறகு, அப்பாவின் காலண்டர் தொங்கிய ஆணி இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"உங்க அப்பாவுக்கு எட்டு."